பாற்பல் ஆழ்சொத்தையில் பற்கூழ் மருத்துவப் பொருள்கள்: ஓர் ஒப்பீட்டு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகளின் பாற்பற்களில் சொத்தை ஆழ்ந்து பற்கூழை எட்டும்போது, கூழின் மேற்பகுதியை மட்டும் நீக்கி, வேரில் எஞ்சிய கூழின்மேல் ஒரு மருந்துப் பொருளை வைத்து மூடும் முறை நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகிறது. அவ்வாறு வைக்கப்படும் பார்மோகிரசால், கால்சியம் ஹைட்ராக்சைடு, பெர்ரிக் சல்பேட், எம்.டி.ஏ., பயோடென்டின் ஆகியவற்றை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. வெற்றி விழுக்காட்டில் நெருங்கி நிற்கும் பொருள்கள்கூடத் திசுவளவில் கூழை வெவ்வேறு வகையில் நடத்துகின்றன என்பதும், அவ்வேறுபாட்டை இன்றைய அளவுகோல் போதிய அளவு காட்டுவதில்லை என்பதும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாற்பல், ஆழ்சொத்தை, பற்கூழ், மேற்கூழ் நீக்கம், பார்மோகிரசால், எம்.டி.ஏ., உலோக உறை.

முன்னுரை

‘விழுந்து முளைக்கப்போகிற பல்தானே’ என்பது தமிழ்க் குடும்பங்களில் பரவலாகக் கேட்கும் சொல். சொத்தையைப் ‘பூச்சிப்பல்’ என்றும் ‘பூச்சி அரித்த பல்’ என்றும் கூறும் வழக்கும் இதனோடு சேர்ந்தே வாழ்கிறது. பூச்சி அரித்தது, பல் எப்படியும் விழும், எனவே வலித்தால் பிடுங்கிவிடலாம் என்ற முடிவுக்கு இவ்விரு கருத்துகளும் எளிதாக இட்டுச் செல்கின்றன. எனினும், இரண்டாம் கடைவாய்ப் பாற்பல் இயல்பாக விழுவது 10 முதல் 12 வயதுக்குள் ஆகும். ஐந்து வயதில் சொத்தை ஆழ்ந்த ஒரு பல் இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் வாயில் இருந்து மெல்லவேண்டிய பல்லாகும். அது முன்கூட்டியே அகற்றப்பட்டால், ஆறு வயதை ஒட்டி அதன் பின்னால் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல் முன்னோக்கிச் சரிந்து, அடியிலிருந்து வரவேண்டிய முன்கடைவாய்ப்பல்லின் இடத்தைப் பறித்துக்கொள்ளும்.

ஆகவே பாற்பல்லைக் காக்கும் மருத்துவம் ஒரு விந்தையான இலக்கை உடையது. அது பல்லை என்றென்றைக்கும் காக்க முயல்வதில்லை. குறித்த காலம்வரை வலியின்றியும் சீழின்றியும் இருக்கச் செய்து, பின்னர் தடையின்றி விழவும் விடவேண்டும். நிலைப்பல்லுக்கு நல்லதாகக் கருதப்படும் ஒரு பொருள் பாற்பல்லுக்குத் தீதாகலாம் என்பதற்கு இதுவே அடிப்படை.

பாற்பல்லின் அமைப்பும் நோய் பரவும் வழியும்

பாற்பற்கள் மொத்தம் 20. அவற்றின் எனாமல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமே உடையது. நிலைப்பல்லின் எனாமலில் இது பாதியளவு. எனாமலின் கீழுள்ள டென்டைனும் மெல்லியது. உள்ளிருக்கும் பற்கூழோ பல்லின் அளவை நோக்கப் பெரியது. அதன் கொம்புகள், சிறப்பாக முன்பக்கக் கொம்பு, மேற்பரப்பை நெருங்கி நிற்கும். எனவே வெளியே சிறு குழியாகத் தோன்றும் சொத்தை உள்ளே கூழைத் தொட்டிருக்கக்கூடும்.

கடைவாய்ப் பாற்பல்லின் வேர்கள் அகன்று கவைபோல் விரிந்திருக்கும். அக்கவையின் நடுவில்தான் நிலைப்பல்லின் கரு தங்கியுள்ளது. கூழறையின் தரையிலிருந்து இக்கவைக்குச் செல்லும் நுண்குழாய்கள் பல உள்ளன. ஆதலால் கூழ் அழுகும்போது, நிலைப்பல்லில் போல வேர்நுனியில் அன்றி, பெரும்பாலும் கவையிலேயே எலும்புத் தேய்வு முதலில் தென்படும். கருவருகே நெடுநாள் நின்ற சீழ், பின்னர் முளைக்கும் பல்லின் எனாமலைக் குறைபடச் செய்வதுண்டு. பல் மருத்துவ நூல்கள் அதனை ‘டர்னர் பல்’ என்று வழங்குகின்றன. எக்ஸ்கதிர்ப் படத்தில் மருத்துவர் முதலில் நோக்கும் இடம் வேர்க்கவையாக இருப்பதன் காரணம் இதுவே.

கலைச்சொல் குறித்து

கூழின் மேற்பகுதியை மட்டும் நீக்கி வேர்ப்பகுதியை விட்டுவைப்பது ‘பல்ப்பாட்டமி’. வேர்வரை முழுவதும் நீக்குவது ‘பல்ப்பெக்டமி’. இரண்டையும் ‘கூழ் நீக்கம்’ என ஒரே சொல்லால் தமிழில் குறித்தால், மருத்துவத்தின் உயிர்நாடியான வேறுபாடே மறைந்துவிடும். முன்னதில் எஞ்சிய கூழ் உயிருடன் இருக்கிறது என்ற துணிபின்மேல்தான் மருத்துவம் நடைபெறுகிறது. பின்னதில் கூழ் அழிந்துவிட்டது என்ற துணிபின்மேல் நடைபெறுகிறது. ஆகவே இக்கட்டுரையில் முன்னது மேற்கூழ் நீக்கம் என்றும், பின்னது முழுக்கூழ் நீக்கம் என்றும் வழங்கப்படுகின்றன. பல்லின் தலைப்பகுதியில் உள்ள கூழ் மேற்கூழ். வேரினுள் உள்ளது வேர்க்கூழ்.

பார்மோகிரசால்: பதப்படுத்தும் மருந்து

ஒப்பீட்டில் முதலிடம் பெறுவது பார்மோகிரசால். பக்லி என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் 1904இல் இதனை அழுகிய கூழுக்குரிய மருந்தாக முன்வைத்தார். 19 விழுக்காடு பார்மால்டிஹைடும் 35 விழுக்காடு கிரசாலும் கிளிசரின் கலந்த நீரில் சேர்ந்த கலவை அது. 1930களில் சார்லஸ் ஸ்வீட் என்பவர் இதனைப் பாற்பல்லின் மேற்கூழ் நீக்கத்தில் பயன்படுத்திப் பரப்பினார். தொடக்கத்தில் குழந்தை பலமுறை மருத்துவமனைக்கு வரவேண்டியிருந்தது. காலப்போக்கில் அது ஒரே அமர்வாகவும், மருந்தில் நனைத்துப் பிழிந்த பஞ்சுருண்டையை 5 நிமிடம் வைத்தெடுக்கும் எளிய செயலாகவும் சுருங்கியது. பின்னர் ஐந்தில் ஒரு பங்காக நீர்த்த கலவையும் வழக்கத்திற்கு வந்தது. பஞ்சை எடுத்தபின் துத்தநாக ஆக்சைடு–யூஜினால் பசையால் அறையை நிரப்பி, பல்லை மூடிவிடுவர்.

இம்மருந்தின் செயலைப் புரிந்துகொள்ள உடற்கூறியல் கூடத்தை நினைவுகூர்ந்தால் போதும். அங்கு சடலத்தை அழுகாமல் காக்கும் பார்மால்டிஹைடே இங்கும் செயற்படுகிறது. புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துத் திசுவை உறையச் செய்கிறது, நுண்ணுயிர்களையும் கொல்கிறது. மாஸ்லர், மன்சுகானி ஆகியோர் 1959இல் வெளியிட்ட திசு ஆய்வில், மருந்து பட்ட வேர்க்கூழ் அடுக்கடுக்காக வேறுபட்டிருப்பது காட்டப்பட்டது. மருந்தை ஒட்டிய பகுதி பதப்பட்டு உயிரிழந்திருந்தது. அதன்கீழ் நிறம் வெளிறிய பகுதி. அதற்கும் கீழ் அழற்சியுற்ற பகுதி. அதாவது, பல் வலிக்காமல் இருப்பதற்குக் காரணம் கூழ் நலமுற்றது அன்று. அதன் ஒரு பகுதி பதப்பட்டு அடங்கியதே ஆகும்.

மருந்து எளியது, மலிவானது, மருத்துவரின் கைத்திறனில் சிறு குறை இருந்தாலும் பொறுத்துக்கொள்வது. இம்மூன்றும் அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தன. ஆனால் 1970களின் இறுதியிலிருந்து, கதிரியக்க அடையாளமிட்ட பார்மால்டிஹைடைக் கொண்டு விலங்குகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள், பல்லில் வைத்த மருந்தின் ஒரு பகுதி குருதியில் கலந்து உடலின் பிற உறுப்புகளை அடைவதைக் காட்டின. 2004இல் உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பார்மால்டிஹைடு மனிதரில் புற்றுநோய் விளைவிப்பது என வகைப்படுத்தியது.

இவ்விடத்தில் நடுநிலை தேவைப்படுகிறது. அவ்வகைப்பாடு பெரிதும் தொழிலிடங்களில் நெடுங்காலம் அவ்வாவியைச் சுவாசித்தோரிடம் கண்ட மூக்குத்தொண்டைப் புற்றுநோயை அடிப்படையாகக் கொண்டது. பிழிந்த பஞ்சில் இருக்கும் அளவு மிகச் சிறிது. பார்மால்டிஹைடு உடலின் இயல்பான வளர்சிதை மாற்றத்திலேயே தோன்றி உடனுக்குடன் சிதைக்கப்படுவதும் ஆகும். மில்ன்ஸ் போன்றோர் இவ்வாதங்களைக் கொண்டு இம்மருந்தை மறுதீர்ப்புக்கு உட்படுத்த வேண்டினர். வாதத்தில் வலு உண்டு. ஆயினும் ‘தீங்கு செய்யும் அளவில் இல்லை’ என்பது ஒரு மருந்தைப் பொறுத்துக்கொள்வதற்குப் போதுமான காரணமே தவிர, அதனைத் தேர்ந்தெடுப்பதற்குப் போதுமான காரணம் ஆகாது. மாற்று இல்லாத காலத்தில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மாற்று வந்தபின் தெரிகிறது.

இடைப்பட்ட முயற்சிகள்

கால்சியம் ஹைட்ராக்சைடை 1920இல் ஹெர்மன் பல் மருத்துவத்தில் அறிமுகப்படுத்தினார். மிகு காரத்தன்மை உடைய இப்பொருள் நிலைப்பல்லின் கூழின்மேல் புதிய டென்டைனைத் தோற்றுவிக்க வல்லது. அதே நற்பயனைப் பாற்பல்லிலும் எதிர்பார்த்தது இயல்பே. ஆனால் அங்கு வேர்க்குழாயின் சுவரை உள்ளிருந்தே அரிக்கும் உட்கரைவு அடிக்கடி நேர்ந்தது. வேர் கரைவதற்கென்றே அமைந்த ஒரு பல்லில் கரைக்கும் உயிரணுக்கள் எளிதில் தூண்டப்படுகின்றன என்றும், பொருளுக்கும் கூழுக்கும் இடையே தங்கிய குருதிக்கட்டி குணமாதலைக் கெடுக்கிறது என்றும் இதற்கு விளக்கங்கள் தரப்படுகின்றன. நிலைப்பல்லின் அறிவை அப்படியே பாற்பல்லுக்குக் கொண்டுவர இயலாது என்பதற்கு இப்பொருளே தக்க சான்று. குளூட்டரால்டிஹைடு 1970களில் பார்மோகிரசாலுக்கு மாற்றாகப் பேசப்பட்டது, நிலைபெறவில்லை.

15.5 விழுக்காடு பெர்ரிக் சல்பேட் வேறொரு பயன்பாட்டிலிருந்து வந்தது. பல் உறைக்கு அச்செடுக்கும்போது ஈறின் குருதிக்கசிவை நிறுத்தப் பயன்பட்ட கரைசல் இது. இரும்பு அயனியும் குருதிப் புரதமும் சேர்ந்து நுண்குழாய்களின் வாயை அடைத்துவிடுவதால் குருதி நொடிகளில் நிற்கும். பார்மால்டிஹைடு இல்லை, விலையும் குறைவு. ஆனால் இதன் நற்பண்பிலேயே ஓர் இடர் உள்ளது. மேற்கூழை வெட்டியபின் வேர்வாயில் ஈரப்பஞ்சை அழுத்திச் சில நிமிடங்களில் குருதி நின்றால் வேர்க்கூழ் நலமாக உள்ளது என்று மருத்துவர் கொள்வார். நில்லாது கருஞ்சிவப்பாய்ப் பெருகினால் அழற்சி வேர்வரை சென்றுவிட்டது என்று கொள்வார். தன் வலியைச் சரிவரச் சொல்லத் தெரியாத குழந்தையிடம் இக்குருதியே நம்பத்தகுந்த அறிகுறிகளுள் ஒன்று. கசிவை வேதிமுறையில் உடனே அடைத்துவிட்டால் அவ்வறிகுறி மறைந்துபோகும். எனவே, முதலில் ஈரப்பஞ்சால் குருதி நிற்கிறதா என்று பார்த்து உறுதிசெய்த பின்னரே இக்கரைசலைத் தொடவேண்டும்.

சிலிக்கேட் சிமென்டுகள்

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மகமூத் தொராபினெஜாத் தலைமையிலான குழு 1993இல் எம்.டி.ஏ. என்னும் பொருளைப் பற்றி முதன்முதலில் எழுதியது. மூன்று ஆக்சைடுக் கனிமங்களின் திரள் என்பது அதன் பெயர்ப்பொருள். பெயர் புதிதே ஒழிய பொருள் பழையது: வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமென்டே இதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. எக்ஸ்கதிர்ப் படத்தில் தெரியும்பொருட்டு பிஸ்மத் ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. சிறிதளவு ஜிப்சமும் உண்டு. சிமென்ட் ஈரத்தில் இறுகும். குருதியும் எச்சிலும் நீங்காத வாயில் இப்பண்பு பெரும் பேறாகும். பிற பல் பொருள்கள் பலவும் உலர்ந்த இடத்தையே வேண்டுவன.

எம்.டி.ஏ. இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடை வெளிவிட்டு pH 12.5 வரை உயர்கிறது. அப்படியானால் கால்சியம் ஹைட்ராக்சைடு தோற்ற இடத்தில் இது எவ்வாறு வென்றது என்ற வினா எழும். முன்னது நாளடைவில் கரைந்து இடைவெளியை உண்டாக்கும். நுண்ணுயிர்கள் அவ்வழியே நுழையும். பின்னதோ இறுகிக் கெட்டியாகிச் சுவரோடு ஒட்டி அடைக்கிறது. வேதியியல் அளவில் நெருங்கிய இரு பொருள்கள், அடைக்கும் திறனில் வேறுபட்டதால் விளைவில் வேறுபட்டன எனலாம். இதன்கீழ் வேர்க்கூழ் உயிருடன் நின்று டென்டைன் பாலம் ஒன்றை அமைத்துக்கொள்கிறது. பாற்பல்லின் மேற்கூழ் நீக்கத்தில் பார்மோகிரசாலோடு இதனை ஒப்பிட்ட தொடக்க ஆய்வு 2001இல் எருசலேமிலிருந்து ஐடெல்மன், ஹோலன், ஃபுக்ஸ் ஆகியோரால் வெளியிடப்பட்டது.

குறைகளும் உண்டு. எம்.டி.ஏ. இறுக ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். பல்லைக் கருக்கச் செய்யும் இயல்பும் உண்டு. உறையிட்டு மூடப்படும் கடைவாய்ப்பல்லில் இது பொருட்டன்று, முன்பல்லில் பொருட்டே. விலை மிகுதி என்பதே பெருந்தடை. 2010ஐ ஒட்டிப் பிரான்சின் செப்டோடான்ட் நிறுவனம் வெளியிட்ட பயோடென்டின் இவற்றுள் சிலவற்றைத் தீர்த்தது. டிரைகால்சியம் சிலிக்கேட்டை முதன்மையாகக் கொண்ட இதில் பிஸ்மத்துக்கு மாற்றாகச் சிர்கோனியம் ஆக்சைடு உள்ளது; கால்சியம் குளோரைடு கலந்த நீர்மத்தால் சுமார் 12 நிமிடங்களில் இறுகத் தொடங்குகிறது. நாற்காலியில் பொறுமையிழந்து நெளியும் நான்கு வயதுக் குழந்தைக்கு இக்கால வேறுபாடு சிறியதன்று.

‘வெற்றி’ என்னும் அளவுகோல்

டான் ரேன்லி 1994இல் மேற்கூழ் நீக்க மருந்துகளை அவற்றின் நோக்கத்தால் மூன்றாக வகுத்தார்: கூழை உயிரிழக்கச் செய்வன, இருந்தபடி காப்பன, மீண்டும் வளரத் தூண்டுவன. பார்மோகிரசால் முதல் வகை. பெர்ரிக் சல்பேட் இரண்டாம் வகை. கால்சியம் ஹைட்ராக்சைடும் பின்வந்த சிலிக்கேட் சிமென்டுகளும் மூன்றாம் வகை. இவ்வகைப்பாடு தெளிவானது. ஆனால் ஆய்வுகளின் முடிவுகளோ இத்தெளிவைப் பின்பற்றுவதில்லை.

2017இல் அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்த தொகுப்பாய்வின்படி, 24 மாத முடிவில் எம்.டி.ஏ.யின் வெற்றி 89.6 விழுக்காடு, பார்மோகிரசாலின் வெற்றி 85.0 விழுக்காடு. புள்ளியியல் நோக்கில் இவ்விரண்டும் வேறல்ல. கால்சியம் ஹைட்ராக்சைடின் வெற்றியோ 46.2 விழுக்காடு மட்டுமே. உயிர்காக்கும் நோக்கமுடைய பொருள் கடைசியில் நிற்க, உயிர்நீக்கும் பொருள் முதலிடத்தை ஒட்டி நிற்பது எவ்வாறு?

விடை, வெற்றியை வரையறுத்த முறையில் உள்ளது. இவ்வாய்வுகளில் வெற்றி என்பது எதிர்மறைகளின் தொகுதியாகும்: வலி இல்லை, வீக்கம் இல்லை, ஈறில் சீழ்ப்புண் இல்லை, பல் ஆடவில்லை, படத்தில் வேர்க்கவை கருக்கவில்லை, வேர் கரையவில்லை. கூழ் உயிருடன் உள்ளதா என்பது இவற்றுள் ஒன்றன்று. பல்லைப் பிடுங்கித் திசுவை அறுத்து நோக்கினாலன்றி அது தெரியவும் தெரியாது. பதப்பட்டு ஓசையடங்கிய கூழும் நலமுற்ற கூழும் இவ்வேட்டில் ஒரே மதிப்பெண் பெறுகின்றன. மாறாக, எம்.டி.ஏ. வைத்த பல்லில் வேர்க்குழாய் டென்டைனால் தூர்ந்துபோவது படத்தில் தெளிவாகத் தெரியும். அதைத் தோல்வி என்று எண்ணுவதா, கூழ் உயிருடன் உள்ளதற்குச் சான்று என்று எண்ணுவதா என்பதில் ஆய்வாளரிடையே நெடுங்காலம் ஒருமைப்பாடு இல்லை. பின்னையோர் கருத்தே பொருத்தமுடையது. இறந்த கூழ் டென்டைனை உண்டாக்காது.

காலமும் கருதத்தக்கது. 6, 12, 24 மாதங்களே பெரும்பாலான ஆய்வுகளின் எல்லை. நான்கு வயதில் மருத்துவம் பெற்ற பல் விழ ஆறேழு ஆண்டுகள் ஆகும். பதப்படுத்தலின் கீழ் எஞ்சிய அழற்சி எப்போது வெளிப்படும் என்பதற்கு 24 மாதக் கணக்கு விடை தராது. 2018இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் மீளாய்வு 87 ஆய்வுகளையும் 7140 பற்களையும் திரட்டி, மேற்கூழ் நீக்கத்திற்கு எம்.டி.ஏ.யே மிகுந்த பயனளிக்கக்கூடியது எனவும், கால்சியம் ஹைட்ராக்சைடு தாழ்ந்தது எனவும் முடிவு கண்டது. எம்.டி.ஏ. கிடைக்காத இடத்தில் கருதத்தக்க மாற்றுகளுள் பயோடென்டினையும் அது குறித்தது.

மருந்தின்மேல் வைக்கும் மூடி

மருந்துகளை ஒப்பிடும் கட்டுரைகள் அதன்மேல் வைக்கப்பட்ட மூடியைப் பற்றி ஓரிரு வரியோடு நின்றுவிடுவதுண்டு. இது பெருங்குறை. எம்.டி.ஏ.க்கும் கால்சியம் ஹைட்ராக்சைடுக்கும் உள்ள வேறுபாடே அடைப்பில் உள்ளதெனில், எல்லாவற்றுக்கும் மேல் உள்ள அடைப்பை மறப்பது எவ்வாறு? கடைவாய்ப் பாற்பல்லுக்குத் துருவேறா எஃகு உறை இடும் வழக்கம் 1950 முதல் உள்ளது. பற்பொருள் பெரிதும் இழந்த பல்லில் சாதாரண அடைப்பு உடைந்தும் கசிந்தும் போகும். உறை அவ்வாறு ஆவதில்லை. ஆகவே ஓர் ஆய்வில் மருந்தின் வெற்றியாகப் பதிவானதில் உறைக்குரிய பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிந்த பின்னரே இரு ஆய்வுகளின் விழுக்காடுகளை அருகருகே வைக்கமுடியும்.

ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்னும் பல் மருத்துவர் கையாண்ட முறை இதனை இன்னும் கூர்மையாக்கியது. அவர் சொத்தையைத் தோண்டவில்லை; மரப்பூசியும் இடவில்லை. வலியோ சீழோ இல்லாத சொத்தைப் பல்லின்மேல் உறையைச் சிமென்டோடு அழுத்திப் பொருத்தினார். உணவு கிடைக்காத நுண்ணுயிர்கள் உள்ளேயே செயலிழந்தன. 132 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2007இல் முதல் முடிவு வெளிவந்த ஒப்பாய்வில், ஐந்தாண்டு அளவில் வலி, சீழ் போன்ற பெருந்தோல்வி உறையிட்ட பற்களில் 3 விழுக்காடாகவும், வழக்கமான அடைப்புப் பெற்ற பற்களில் 16.5 விழுக்காடாகவும் இருந்தது. கூழை ஒட்டிய மென்மையான டென்டைனைச் சிறிது விட்டுவைத்து அடைக்கும் மறைமுகக் கூழ்க்காப்பு முறைக்கும் மேற்சொன்ன 2017 தொகுப்பாய்வு 94.4 விழுக்காடு வெற்றி தருகிறது. நோய் குறைந்த பற்களே இம்முறைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதால், இவ்வெண்ணை மேற்கூழ் நீக்கத்தின் எண்ணோடு நேராக ஒப்பிடுதல் தகாது. ஆனால் மேற்கூழ் நீக்கம் செய்யப்பட்ட பற்களுள் சிலவற்றுக்கு அது தேவைப்பட்டிருக்காது என்ற ஐயத்தை அது எழுப்பாமல் இல்லை.

கரையவேண்டிய பொருள்

கூழ் முழுவதும் அழிந்தபின் ஒப்பீட்டின் அடிப்படையே மாறிவிடுகிறது. முழுக்கூழ் நீக்கத்தில் வேர்க்குழாயை நிரப்பும் பொருள் வேர் கரையும் வேகத்திலேயே தானும் கரையவேண்டும். நிலைப்பல்லில் பயன்படும் கட்டாபெர்ச்சா கரையாதது. ஆகவே அடியில் நிலைப்பல் உள்ள பாற்பல்லில் அதற்கு இடமில்லை. துத்தநாக ஆக்சைடு–யூஜினால் பசை கரையும்; ஆனால் வேரைவிட மெல்லக் கரையும். பல் விழுந்தபின்னும் ஈறினுள் அதன் துணுக்குகள் தங்கியிருப்பதைப் படங்களில் காணலாம். முளைக்கும் பல் வழிவிலகிச் செல்லவும் அது காரணமாகலாம். கால்சியம் ஹைட்ராக்சைடும் அயோடோபார்மும் கலந்த பசைகள், வைடாபெக்ஸ் போன்றவை, நேர்மாறாக வேரைவிட விரைந்து கரைகின்றன. வேர்நுனியைக் கடந்து வெளியே சென்ற பசையை உடல் சில வாரங்களில் உறிஞ்சிவிடுவது நன்மை. குழாயினுள்ளும் அது கரைந்து வெற்றிடம் விடுவது குறை. பல் விழ இன்னும் ஓராண்டே உள்ள ஒன்பது வயதுக் குழந்தைக்கு இக்குறை பொருட்டன்று. நான்கு வயதுக் குழந்தைக்கு, மெல்லக் கரையும் பழைய பசையையோ இரண்டும் கலந்த பசையையோ நாடவேண்டியிருக்கும். துத்தநாக ஆக்சைடு, அயோடோபார்ம், கால்சியம் ஹைட்ராக்சைடு மூன்றையும் சேர்த்த என்டோஃப்ளாஸ் போன்ற கலவைகள் இத்தேவையிலிருந்து பிறந்தவை. இவற்றில் பசை வேரோடு ஒத்துக் கரைந்ததா என்பதை ஓராண்டு, ஒன்றரை ஆண்டுப் படங்கள் காட்டா. பல் விழுந்து, அவ்விடத்தில் முன்கடைவாய்ப்பல் முளைத்தபின் எடுக்கும் படமே காட்டும்.